பண்டமும் ஏக்கமும்: ‘மதர் 3’ விளையாட்டும் அதன் ஆங்கில இரசிகரும்

யப்பானில் 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி நின்டென்டோ கம்பனியினரால் வெளியிடப்பட்ட ‘மதர் 3’ என்னும் வீடியோ விளையாட்டு இன்றுவரை ஆங்கிலத்தில் முறைப்படி வெளியாகவில்லை. ஆயினும் ஆங்கிலம் வாயிலாக அதனை முற்றாக ஆடி முடித்தோர் பல்லாயிரவர். அதன் கதையையும் இசையையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். உரிமையாளர் விற்க மறுத்த ஒரு பொருள், விற்கப்படாமலே ஒரு வாசக சமூகத்தைத் தேடிக்கொண்டமை எங்ஙனம் என்பதையும், அச்சமூகத்தின் ஏக்கம் எதனை உணர்த்துகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டா என வினவுவோர் இருக்கக்கூடும். தொடர்கதை குறித்தும் சினிமா குறித்தும் முன்னர் இதே வினா எழுப்பப்பட்டதுண்டு. வெகுசனங்கள் தமது ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் ஒரு கலைவடிவத்தைத் தரம் தாழ்ந்ததென ஒதுக்கிவிடுவது விமர்சகனுக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் ஒதுக்கிய பின் அவ்வடிவத்துக்குள் நிகழ்வனவற்றை அறியும் வழியையும் அவன் இழந்துவிடுகிறான். மேலும் ‘மதர் 3’ ஒரு கதைப் பனுவலாகும். பணம் வழங்காத ஒரு கிராமத்துக்குப் பணமும் பண்டமும் வந்து சேர்ந்த வரலாற்றை அது கூறுகின்றது. அத்தகைய பனுவலொன்று பண்டமாக அடைந்த கதியும் ஆய்வுக்குரியதே.

வீடியோ விளையாட்டு இரசிகரிடையே நிலவும் ஒரு பொதுப்பண்பை முதலில் விளக்குதல் அவசியம். புதிய விளையாட்டுக் கருவியொன்றோ புதிய வெளியீடுகளின் அறிவிப்போ வரும்போதெல்லாம், வந்தவற்றைப் பற்றிய பேச்சுக்குச் சமமாக வராதவற்றைப் பற்றிய பேச்சும் எழுவது வழக்கம். 2025ஆம் ஆண்டு யூன் 5ஆம் திகதி நின்டென்டோ தனது ‘ஸ்விட்ச் 2’ என்னும் கருவியை வெளியிட்டு, முதல் நான்கு நாள்களிலேயே 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையானதாக அறிவித்தது. 2017இல் அறிவிக்கப்பட்டு, 2019இல் முதலிலிருந்து மீண்டும் தொடங்கப்பட்ட ‘மெற்றொயிட் பிரைம் 4’ அதே ஆண்டு டிசெம்பரில் வெளிவந்தது. நீண்ட காலம் காத்திருந்தோருக்கு இவை மகிழ்ச்சி தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தொடர் மீண்டெழுந்தால் மற்றொரு தொடரின் இரசிகர் ‘எமக்கு எப்போது?’ என்று கேட்கத் தொடங்குவர். 1990இல் தோன்றிய ‘எஃப் சீரோ’ என்னும் ஓட்டப் பந்தயத் தொடர், 2004இன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புதிய வெளியீடு எதுவுமின்றிக் கிடந்து, 2023 செப்ரெம்பரில் ‘எஃப் சீரோ 99’ என்ற சிறு வெளியீட்டால் மட்டும் நினைவுகூரப்பட்டது. அதற்கென நம்பிக்கையோடு காத்திருந்த தலைமுறை நடுவயதை அடைந்துவிட்டது.

நூலுக்கும் விளையாட்டுக்கும் இடையே இவ்விடத்தில் பெரும் வேறுபாடு உண்டு. அச்சில் அற்றுப்போன நாவலொன்றை நூலகத்தில் இரவல் பெறலாம். நண்பர் வீட்டு அலுமாரியில் கண்டெடுக்கலாம். கண்ணும் எழுத்தறிவும் இருந்தாற் போதும். வீடியோ விளையாட்டோ அதற்கென ஆக்கப்பட்ட கருவியின்றி இயங்காது. கருவியை ஆக்குபவரும், விளையாட்டை ஆக்குபவரும், அதன் பாத்திரங்கள் மீதும் பெயர் மீதும் உரிமை கொண்டவரும் பல வேளைகளில் ஒருவரே. அவர் கருவியை உற்பத்தி செய்வதை நிறுத்தும்போது பழைய பனுவல்கள் யாவும் மெல்ல மெல்ல வாசிக்க இயலாதனவாகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 சதவீதமானவை இன்று வணிகச் சந்தையிற் கிடைப்பதில்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. அரை நூற்றாண்டைச் சற்றே கடந்த ஒரு கலைவடிவத்தின் வரலாற்றிற் பெரும்பகுதி இதற்குள் மறைந்துவிட்டது. விளையாட்டு இரசிகரின் ஏக்கத்தைச் சிறுபிள்ளைத்தனமான பழமை விருப்பெனக் கொள்வோர் இப்பொருளியல் அடிப்படையைக் காணத் தவறுகின்றனர்.

‘மதர்’ தொடரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஆக்கிய ஷிகெசாற்றோ இற்றோய் தொழில்முறை விளையாட்டு வடிவமைப்பாளர் அல்லர். விளம்பர வாசகம் எழுதுபவர். 1960களின் பிற்பகுதியில் ஹொசெய் பல்கலைக்கழகத்தில் மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டு, படிப்பை முடிக்காது வெளியேறியவர். பின்னர் 1980களில் செய்பு பல்பொருள் அங்காடிக்கு அவர் எழுதிய வாசகங்கள் யப்பானிய நுகர்வுப் பண்பாட்டின் முத்திரைகளாகவே கருதப்பட்டன. கிளர்ச்சியில் நின்ற இளைஞன் பண்டங்களின் புகழ்பாடியாகிய இம்மாற்றம் அத்தலைமுறையினர் பலருக்கும் பொதுவானது. ஆயின் பண்டத்தை ஆசைக்குரியதாக்கும் கலையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதனால், அவ்வாசையின் இயக்கத்தை அவரால் கதையாக்க முடிந்தது. இதனை மனங்கொள்ளாது ‘மதர் 3’ஐ விளங்கிக்கொள்ள இயலாது.

தொடரின் முதல் விளையாட்டு 1989இலும் இரண்டாவது 1994இலும் யப்பானில் வெளிவந்தன. வாளும் மாயமும் நிறைந்த மத்தியகாலக் கற்பனை உலகமே இவ்வகை விளையாட்டுகளின் மாறாக் களமாக இருந்த வேளையில், இவை பேஸ்போல் மட்டையைக் கையிலேந்திய சாதாரணச் சிறுவர்களை, அமெரிக்கச் சிறுபட்டினங்களை ஒத்த தெருக்களில் நடக்கவிட்டன. இரண்டாவது விளையாட்டு ‘ஏர்த்பவுண்ட்’ என்னும் பெயரில் 1995இல் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கு அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம் விசித்திரமானது. விளையாட்டு நாற்றமடிக்கிறது என்று அறிவித்து, சுரண்டினால் துர்நாற்றம் வீசும் அட்டைகளைச் சஞ்சிகைகளில் இணைத்தனர். சிறுவரின் குறும்புச் சுவைக்கு இது ஏற்கும் எனக் கருதினர் போலும். விற்பனை ஏமாற்றமளித்தது, ஏறத்தாழ 1,40,000 பிரதிகளே விற்பனையாயின. கம்பனியின் கணக்கேட்டில் ‘மதர்’ என்பது அமெரிக்காவில் விலைபோகாத பெயராகப் பதிந்தது.

ஆனால் கணக்கேட்டிற் பதியாத ஒன்றும் நிகழ்ந்தது. அந்த 1,40,000 பிரதிகளை வாங்கியோருட் சிலர், பதின்ம வயதினர், இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒருவரையொருவர் கண்டறிந்து ‘ஸ்ரார்மென்.நெற்’ என்னும் களத்தைச் சூழத் திரண்டனர். ஓவியம் வரைந்தனர், இசையை மீட்டிசைத்தனர், கதையின் புதிர்களை விவாதித்தனர். மூன்றாவது விளையாட்டுக்காக மனுக்கள் எழுதினர். பல்லாண்டு உழைப்பின் பின் அம்மூன்றாவது விளையாட்டு 2000ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் கைவிடப்பட்டது. 2003இல் வேறொரு சிறு கருவிக்கென மீண்டும் தொடங்கப்பட்டது. முற்கூறியவாறு 2006இல் யப்பானிய மொழியில் மட்டும் வந்தது.

இனி அப்பனுவலை நோக்குவோம். கதை நிகழும் தஸ்மிலி ஒரு தீவுக் கிராமம். அங்கு பணம் இல்லை. கடையெனத் தோன்றும் இடத்தில் தேவையானதை எடுத்துச் செல்லலாம். எவரும் விலை கேட்பதில்லை. சிறைக்கூடம் ஒன்று உண்டெனினும் அதில் எவரும் அடைக்கப்பட்டதில்லை. பன்றி முகமூடி அணிந்த ஒரு படை வந்திறங்குகின்றது. காட்டு விலங்குகள் உலோக உறுப்புகள் பூட்டப்பட்டு உருமாற்றப்படுகின்றன. அவ்வாறு உருமாறிய விலங்கொன்றால் ஹினாவா என்னும் தாய் கொல்லப்படுகிறாள். செய்தி கேட்டு வெறிகொண்ட அவளது கணவனே அச்சிறைக்கூடத்தின் முதற் கைதியாகிறான்.

பணம் வரும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஃபஸாட் என்னும் வணிகன் கிராமத்தின் நடுவில் நின்று மகிழ்ச்சியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறான். தாம் துன்பத்தில் இருப்பதை அறியாத மக்களுக்கு அதனை அவனே அறிவிக்கிறான். பன்றி வளர்ப்பவன் ஒருவன் தன் பன்றிகளை விற்றுக் காசு பெற்று, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கிணற்றில் ஒளித்து வைக்கிறான். காசு காணாமற் போகிறது. கிராமத்தில் திருட்டுக் குற்றச்சாட்டு எழுகிறது. காசும் ஒளித்து வைத்தலும் களவும் ஏறத்தாழ ஒரே நாளில் தோன்றுவதாகக் காட்டியமை எழுத்தாளரின் நுட்பத்தைப் புலப்படுத்துகின்றது. ஒருவனது பேராசை இக்கதையில் நிகழ்வுகளுக்குக் காரணமாக வைக்கப்படவில்லை. ஒரு உறவுமுறை உள்ளே நுழைந்தவுடன் அதற்குரிய நடத்தைகள் தாமாகவே பின்தொடர்கின்றன.

நான்காம் அத்தியாயத்தில் மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. புகையிரதப் பாதை வந்துவிட்டது. வீடுதோறும் ‘மகிழ்ச்சிப் பெட்டி’ ஒளிர்கின்றது. அதை ஏற்காதோர் வீட்டின்மீது இடி விழுகின்றது. முதியோர் இடிந்த மனையொன்றில் ஒதுக்கப்பட்டுள்ளனர். மக்கள் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கின்றனர். தாயை இழந்த சிறுவன் லூக்கஸும் அங்கு கூலிக்கு உழைக்க வேண்டியிருக்கின்றது: சோர்ந்து நின்றுவிடும் களிமண் மனிதர்களைத் தள்ளிச்சென்று மின்னேற்றி மீண்டும் வேலைக்கு அனுப்புவதே அவன் பணி.

உள்ளடக்கத்தை மட்டும் கூறிச் சென்றால் இது நீதிக்கதையொன்றாகவே தோன்றும். விளையாட்டு என்னும் வடிவமே இதனைப் பிறிதொன்றாக்குகின்றது. முதல் மூன்று அத்தியாயங்களில் திரையில் பணக்கணக்கு என ஒன்று இல்லை. இவ்வகை விளையாட்டுகளில் ஒவ்வொரு வெற்றியின் பின்னும் காசு சேர்வது மரபாகையால், ஆடுபவர் அதன் இன்மையை ஒரு குறையாகவே உணர்வார். நான்காம் அத்தியாயத்திற் பணம் தோன்றும்போது அவர் நிம்மதி அடைகிறார். பழகிய ஒழுங்கு மீண்டுவிட்டது. அக்கணத்தில் தஸ்மிலி மக்கள் ஏமாந்தது போன்றே தானும் ஏமாந்துவிட்டதை உணர்பவர் உணர்வர். முன்னர் கேட்டுப் பெற்ற ரொட்டியை இப்போது எண்ணிக் கொடுத்து வாங்குகிறார். நாவலால் இதைச் சொல்ல முடியும். ஆடுபவரின் விரல்களைக் கொண்டே இதைச் செய்விக்க விளையாட்டினால்தான் முடியும்.

ஆயினும் இப்பனுவலின் கருத்துநிலை முழுமையாக ஏற்கத்தக்கதன்று. இறுதிப் பகுதியில் ஓர் உண்மை வெளியாகின்றது. தஸ்மிலி மக்கள் அழிந்துபோன ஓர் உலகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவ்வழிவுக்குக் காரணமானவற்றை மறப்பதற்காகத் தம் நினைவுகளை அகற்றிவிட்டு, எளிய கிராமத்தாராகத் தமக்கு வேடம் வகுத்துக்கொண்டவர்கள். பணமற்ற சமத்துவம் வரலாற்றினால் அன்றி மறதியினால் ஆக்கப்பட்டிருந்தது. வரலாற்றை மறந்த பொதுமை ஒரு வணிகனின் சொற்பொழிவுக்கே சரிந்துவிடும் என்ற விமர்சனம் இதில் உள்ளுறையாக உண்டு. அதுவே இதன் வலிமை. ஆனால் அதற்கு மாற்றாக இற்றோய் முன்வைப்பது மக்களின் கூட்டுச் செயலையன்று. தீவின் அடியில் உறங்கும் பறவைநாகத்தைத் தூய உள்ளம் கொண்ட ஒரு சிறுவன் எழுப்ப, உலகம் அழிந்து புதுப்பிறப்பெடுக்கின்றது. வேலைக்குச் சென்ற கிராமத்தவர் இறுதிவரை பார்வையாளராகவே நிற்கின்றனர். மாணவர் இயக்கத்தின் தோல்வியைக் கண்ட ஒருவரின் அவநம்பிக்கை இதில் படிந்துள்ளதெனக் கொள்ளலாம். இஃது என் ஊகமே.

இத்தகைய பனுவலை நின்டென்டோ ஏன் ஆங்கிலத்தில் வெளியிடவில்லை? கதையின் சோகமும் சில பாத்திரங்களின் தன்மையுமே காரணம் என்ற ஊகம் இரசிகரிடையே நெடுங்காலம் உலவியது. அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்த ரெஜி ஃபில்ஸ் அமே ஓய்வுபெற்ற பின்னர், 2022இல் அளித்த செவ்வியொன்றில் இதனை மறுத்து, அக்காலத்து வணிக நிலைமையே காரணம் என்றார். அக்கூற்று நம்பத்தக்கதே. 2006இல் ‘கேம்போய் அட்வான்ஸ்’ கருவியின் காலம் முடிவுற்றுக்கொண்டிருந்தது. அதன் இடத்தைப் பிடித்த புதிய கருவி 2004இலேயே வந்துவிட்டது. மறையும் கருவிக்காக, ஏற்கனவே விலைபோகாத ஒரு பெயரை, பெருஞ்செலவில் மொழிபெயர்ப்பதற்கு முதலின் தர்க்கத்தில் நியாயம் இல்லை. கம்பனியைக் கொடியதெனத் திட்டும் இரசிகரும், அதற்குள் எங்கோ ஒரு நல்ல மனிதர் இருக்கிறார் என நம்பும் இரசிகரும் ஒரே தவறைச் செய்கின்றனர். பயன்பாட்டுப் பெறுமதி எவ்வளவு உயர்ந்ததாயினும் பரிவர்த்தனைப் பெறுமதி ஈட்டப்படும் என்ற உறுதி இல்லாதவிடத்து உற்பத்தி நிகழாது; மனிதரின் நல்லியல்பு அதிற் குறுக்கிடுவதில்லை.

இதே நேரத்தில் நிகழ்ந்த பிறிதொரு சம்பவம் இதனைத் தெளிவாக்கும். ‘செனோபிளேட்’ என்னும் விளையாட்டு 2010இல் யப்பானிலும் 2011 ஓகஸ்ற்றில் ஐரோப்பாவிலும் வெளியானது. ஐரோப்பியப் பதிப்பு ஆங்கிலத்திலேயே இருந்தது. எனினும் ஐக்கிய அமெரிக்காவில் அதனை வெளியிடும் திட்டம் இல்லையெனக் கூறப்பட்டது. மொழிபெயர்ப்புச் செலவு அங்கே ஒரு தடையாக இருக்கவில்லை. ‘ஒபரேஷன் ரெயின்ஃபோல்’ என்ற பெயரில் இரசிகர் திரண்டு, வெளிவராத விளையாட்டுக்கு முன்பதிவு செய்து, இணையக் கடையின் விற்பனைப் பட்டியலில் அதனை உச்சிக்கு உயர்த்தினர். 2012 ஏப்ரலில் அது அங்கு வெளிவந்தது. இன்று ‘செனோபிளேட்’ நின்டென்டோவின் முதன்மைத் தொடர்களுள் ஒன்று. கோரிக்கை வென்றது என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் கோரிக்கை எந்த வடிவத்தில் வைக்கப்பட்டபோது செவிசாய்க்கப்பட்டது என்பதையும் காணவேண்டும். தம்மைச் சந்தையெனக் காட்டிக்கொள்ள இயன்ற இரசிகருக்கே பதில் கிடைத்தது.

‘மதர் 3’ இரசிகர் வேறொரு வழியைத் தேர்ந்தனர். முறையான வெளியீடு வராது எனத் தெளிந்த பின், 2006இன் இறுதியில், ஏறத்தாழ ஒரு டசின் பேர் தாமே அதனை மொழிபெயர்க்க முற்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கிளைட் மண்டலின் யப்பானிய மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். பகலிற் கூலிக்குச் செய்த வேலையை இரவில் கூலியின்றிச் செய்தார். இவ்வுழைப்பின் தன்மை சற்று விளக்கத்துக்குரியது. யப்பானிய எழுத்துகள் ஒரே அகலமுள்ள கட்டங்களில் அமைபவை. ஆங்கில எழுத்துகள் அவ்வாறமைந்தால் வாசிக்கச் சகிக்காது. எனவே ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய அகலத்தைக் கணித்துத் திரையில் இடும்வகையில், மூல நிரலின் விளக்கம் எதுவும் கைவசமின்றி, விளையாட்டின் உட்கட்டமைப்பையே பிரித்தறிந்து மாற்றி எழுதவேண்டியிருந்தது. சிலேடைகளும் ஊர்ப் பேச்சுகளும் மலிந்த ஆயிரம் பக்க அளவிலான உரையாடலை அதன்பின்னரே பெயர்க்கலாம். 2008 ஒக்ரோபர் 17ஆம் திகதி அது வெளியிடப்பட்டது. முதல் வாரத்திலேயே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றுக்கொண்டனர். 1995இல் நாற்ற அட்டைகளோடு அதன் முன்னோடி விற்பனையான முழுத் தொகையோடு இதனை ஒப்பிடுக.

அவர்கள் வெளியிட்டது விளையாட்டையன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள வேறுபாடுகளை மட்டும் கொண்ட ஓர் ஒட்டுக்கோப்பே வெளியிடப்பட்டது. மூலப் பிரதியைப் பெறுவது ஆடுபவரின் பொறுப்பு. உரிமைச் சட்டத்துக்கும் தம் செயலுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய பாதையை அவர்கள் அவ்வாறு வகுத்துக்கொண்டனர். நின்டென்டோ அதனைத் தடுக்கவுமில்லை, அங்கீகரிக்கவுமில்லை. அக்கம்பனி எப்போதும் இத்தகைய மௌனம் காப்பதில்லை. 2016 ஓகஸ்ற்றில் ‘மெற்றொயிட்’ தொடரின் இரண்டாம் விளையாட்டை ஓர் இரசிகர் பல்லாண்டு உழைத்து மீளாக்கி இலவசமாக வெளியிட்டபோது சில நாள்களுக்குள் தடைவிதித்தது. மறு ஆண்டே அதே விளையாட்டின் மீளாக்கத்தைத் தானே விற்பனைக்கு விட்டது. சந்தையில் விற்க எண்ணும் பொருளுக்குத் தடையும், எண்ணாத பொருளுக்கு மௌனமும் என்பதே இதிலுள்ள விதி.

இக்கட்டுரையாளரும் ‘மதர் 3’ஐ அந்த 2008 மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அறிந்தவர். மேலே கூறப்பட்ட பனுவல் விமர்சனம் முழுவதும், முறைப்படி இல்லாத ஒரு நூலைப் பற்றியதாகும்.

இவ்வுழைப்பைப் பரிசுப் பொருளாதாரம் என்றும், சந்தைக்கு அப்பாற்பட்ட தோழமை என்றும் போற்றும் போக்கு மேலைநாட்டு ஆய்வாளரிடையே உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை; கூலியின்றியும் ஏவலின்றியும் மனிதர் கூடி அரிய வேலையைச் செய்துமுடித்தல் சிறு விடயமன்று. ஆனால் அது நிகழ்ந்த சூழலை மறந்துவிடலாகாது. ஸ்ரார்மென்.நெற் களத்தை நடத்தியவர்களே 2008இல் ‘ஃபான்கேமர்’ என்னும் வணிக நிலையத்தைத் தொடங்கினர். உடுப்புகளும் நூல்களும் பொம்மைகளும் விற்கும் அந்நிலையம் இன்று நன்கு நிலைபெற்றுள்ளது. பிழைப்பதற்கு வேறு வழியற்ற சமூகத்தில் இதனைக் குற்றமெனச் சொல்வதற்கில்லை. ஏக்கமும் சந்தையிடப்படக்கூடியது என்பதே கவனிக்கவேண்டியது. நின்டென்டோவும் இதனை அறிந்திருந்தது. 2014ஆம் ஆண்டு ‘ஈ3’ கண்காட்சிக்கென அது தயாரித்த கேலிக் காட்சியொன்றில், ‘மதர் 3’ஐத் தரும்படி கேட்கும் இரசிகன் ஒருவனைக் கம்பனித் தலைவர் தீயால் எரித்துவிடுகிறார். இரசிகர் சிரித்தனர். தாம் கேட்டது காதில் விழுந்திருக்கிறது என்ற அளவிலேயே பலர் மகிழ்ந்தனர் என்பதுதான் வேதனை.

இரசிகரின் உழைப்பு நேரடியாகவே கம்பனிக்குள் இழுக்கப்பட்ட உதாரணமும் உண்டு. 2010 செப்ரெம்பரில் கப்கொம் நிறுவனம் ‘மெகா மான் லெஜென்ட்ஸ் 3’ஐ அறிவித்தபோது, அதன் ஆக்கத்தில் இரசிகர் பங்குபற்றலாமெனக் கூறி இணையத்தில் ஓர் ‘ஆக்க அறை’யைத் திறந்தது. பாத்திர வடிவங்களுக்கு வாக்கெடுத்தனர். வரைபடங்களைக் கேட்டுப் பெற்றனர். சில வாரங்களில் தொடரின் மூத்த ஆக்குநர் கெய்ஜி இனாஃபுனே நிறுவனத்தை விட்டு விலகினார். 2011 யூலையில், உள்நிபந்தனைகள் நிறைவேறவில்லையென்று திட்டமே கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முந்திய விளையாட்டின் முடிவில் கதாநாயகன் சந்திரனில் தனியே விடப்பட்டிருந்தான். அவனை மீட்குமாறு கோரி ஓர் இலட்சம் பேரைத் திரட்டும் இயக்கம் எழுந்தது. அவன் இன்னும் அங்கேயே இருக்கிறான். பங்குபற்ற அழைக்கப்பட்டோர் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘ஷென்மூ 3’ஐப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வெளிப்படையானது: 2015இல் 69,320 பேர் முன்கூட்டியே செலுத்திய 63 இலட்சம் டொலர் அதன் மூலதனத்தில் ஒரு பகுதியாயிற்று, ஆனால் எவருக்கும் அதில் பங்குரிமை இல்லை.

கைவிடப்பட்ட தொடர்களின் இரசிகர் வைக்கும் கோரிக்கை பெரும்பாலும் ‘எமக்கு விற்றுத் தாருங்கள்’ என்பதாகவே உள்ளது. இதனை நான் ஏளனமாகக் கூறவில்லை. தனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே மொழியிலேயே நுகர்வோன் பேசுகிறான். 2024 பெப்ரவரியில் ‘மதர் 3’ நின்டென்டோவின் சந்தாச் சேவையிற் சேர்க்கப்பட்டது. யப்பானியருக்கு மட்டும், அதுவும் வாடகை செலுத்தும்வரை மட்டும். விற்றுத் தரும்படி கேட்டோருக்கு இனி விற்பனையும் இல்லையென்பதே இதன் பொருள். அதே ஆண்டு மார்ச் 31ஆம் திகதி யுபிசொஃப்ற் நிறுவனம் 2014இல் தான் விற்ற ‘த குரூ’ என்னும் விளையாட்டின் சேவையை நிறுத்த, பணம் கொடுத்து வாங்கிய எவராலும் அதனை ஆட இயலாது போயிற்று. இதிலிருந்து பிறந்த ‘ஸ்ரொப் கில்லிங் கேம்ஸ்’ என்னும் இயக்கம் கம்பனிகளிடம் எதனையும் இரக்கவில்லை. விற்ற பொருளைச் செயலிழக்கச் செய்யும் உரிமை கம்பனிக்கு இல்லையெனச் சட்டமியற்றுமாறு ஐரோப்பிய ஒன்றியத்தைக் கோரியது. 2025 யூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. இரசிகர் முதன்முறையாகத் தமது ஏக்கத்தை உடைமை உறவு பற்றிய வினாவாக மாற்றியமை இங்கேதான் எனக் கருதுகிறேன். அதன் பயன் எதுவாயினும் வினா எழுப்பப்பட்டுவிட்டது.

பிறிதொரு விளைவையும் குறிப்பிடல் வேண்டும். ஸ்ரார்மென்.நெற் சூழலில் வளர்ந்த இளைஞருள் ஒருவரான ரொபி ஃபொக்ஸ், சிறுவயதில் ‘ஏர்த்பவுண்ட்’ விளையாட்டைப் பிரித்து மாற்றியமைத்துப் பழகியவர். 2015இல் அவர் பெரும்பாலும் தனியாளாக ஆக்கி வெளியிட்ட ‘அண்டர்ரேல்’, எதிரிகளைக் கொல்லாமலே ஆடிமுடிக்கத்தக்க விளையாட்டாக உலகப் புகழ் பெற்றது. நான்காவது ‘மதர்’ விளையாட்டை ஆக்கப்போவதில்லை என இற்றோய் பலமுறை கூறிவிட்டார். அத்தொடரின் மரபு அதன் பெயரின்றி, அதன் உரிமையாளரின் அனுமதியுமின்றித் தொடர்கின்றது.

மொழிபெயர்ப்பாளர் மண்டலின் 2013இல் ஒரு பகிரங்க அறிவித்தலைச் செய்தார். நின்டென்டோ ‘மதர் 3’ஐ ஆங்கிலத்தில் வெளியிட விரும்பினால், தமது மொழிபெயர்ப்புக் கோப்புகள் யாவற்றையும் இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம், தேவையாயின் திருத்தியும் தருவேன் என்றார். கம்பனி அதனை ஏற்கவில்லை. அவர்களது ஒட்டுக்கோப்பு 2008 முதல் இன்றுவரை வேண்டியோர் எடுத்துக்கொள்ளக் கிடைக்கின்றது. அதன் வழியே ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளிலும் இரசிகர் மொழிபெயர்ப்புகள் தோன்றியுள்ளன. எவரும் விலை கேட்பதில்லை.